கடைமடை மின்சாரம்

நுழையும்முன்

வாய்க்காலில் வரும் நீர் தலைமடையில் நிற்கும் பயிரை எளிதில் நனைத்துவிடும். கடைமடையில் நிற்கும் பயிரையும் அது சென்று சேர்கிறதா என்பதே நீர் மேலாண்மையின் அளவுகோல். மின்சாரத்திற்கும் இவ்வளவுகோல் பொருந்தும். வீட்டுக் கூடத்தில் விளக்கு எரிவது பெரிதன்று. வீட்டைக் கடந்து கொட்டகைக்கும் தோட்டத்திற்கும் செல்லும் மின்சாரம் குறைவின்றிச் சேர்கிறதா, எவருயிரையும் வாங்காமல் திரும்புகிறதா என்பதே பெரிது. நீரை வழிநடத்துவதில் தேர்ந்த ஒரு கோட்டை நகரிலிருந்து தொடங்கி, மின்சாரத்தை வழிநடத்தும் அறிவை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நீரை வழிநடத்திய ஊர்

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ளது செஞ்சி. இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை நெடுமதில்களால் இணைத்து எழுப்பப்பட்ட அதன் கோட்டை, 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. மராத்தியர் வரலாற்றோடு தொடர்புடைய 12 கோட்டைகள் ஒரு தொகுப்பாக அச்சிறப்பைப் பெற்றன. அவற்றுள் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றே.

மதிலின் உயரத்தையும் வாயில்களின் வலிமையையும் வியந்து நோக்குவோர், அக்கோட்டையின் மற்றொரு வலிமையைக் காணத் தவறிவிடுவதுண்டு. அது நீர். 1690 முதல் 1698 வரை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் முகலாயப் படையின் முற்றுகையைச் செஞ்சி எதிர்கொண்டது. பாறைகள் மிகுந்த நிலத்தில் அவ்வளவு காலம் மக்களும் படையும் குதிரைகளும் உயிர்வாழ வேண்டுமெனில் நீர்வளம் இன்றியமையாதது. சக்கரக்குளம் முதலிய நீர்நிலைகளும் குன்றுகளின் மேலுள்ள சுனைகளும் அத்தேவையை நிறைவுசெய்தன. பல அடுக்குகளுடன் இன்றும் நிமிர்ந்து நிற்கும் கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாய்களின் வழியே நீர் கொண்டுவரப்பட்டது. ஓரிடத்தில் இருப்பதை மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்ல விரும்புவோர் தொலைவையும் வழியில் நேரும் இழப்பையும் கசிவையும் முன்கூட்டியே எண்ணியாக வேண்டும் என்பதை அக்கோட்டையை அமைத்தோர் நன்கு அறிந்திருந்தனர்.

கோட்டைக்கு வெளியே வாழ்ந்த உழவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. செஞ்சி வட்டாரத்தில் நன்செய் நிலத்தைக் 'கழனி' என்றும் புன்செய் நிலத்தைக் 'கொல்லை' என்றும் மக்கள் வழங்குவர். சங்க இலக்கியத்தில் முல்லை நிலத்துப் புன்செயைக் குறித்த அதே சொல் இன்றும் அம்மக்களின் நாவில் வாழ்கிறது. 'மல்லாட்டை' என்று அவர்கள் அன்போடு அழைக்கும் நிலக்கடலையும் கம்பும் கேழ்வரகும் விளைந்த அக்கொல்லைகளுக்குக் கிணறே துணை. ஏற்றம் மிதித்தும், எருதுகளைச் சரிவில் ஓட்டிக் கவலையில் சாலை இழுத்தும் நீர் இறைத்தனர். விடியலுக்கு முன் தொடங்கும் அவ்வுழைப்பு, மனிதனையும் மாட்டையும் ஒருங்கே களைப்படையச் செய்தது. நாள் முழுதும் இறைத்தாலும் நனைந்த நிலம் சிறிதே.

கிணற்றங்கரைக்கு வந்த மின்சாரம்

இந்நிலையை மாற்றியது மின்சாரம். 1932ஆம் ஆண்டு நீலகிரியின் பைக்காராவில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதனைத் தொடர்ந்து 1937இல் மேட்டூரிலும் 1944இல் பாபநாசத்திலும் நீர்மின் நிலையங்கள் செயற்பாட்டிற்கு வந்தன. பைக்காரா மின்சாரம் கோவையின் ஆலைகளை இயக்கியதோடு நில்லாமல், அவ்வட்டாரத்தின் ஆழ்கிணறுகளையும் சென்றடைந்தது. கிணற்றுக்கு மின்சாரம் வந்தபொழுது மோட்டாருக்கும் தேவை பெருகியது. ஜி.டி. நாயுடு, பாலசுந்தரம் நாயுடு ஆகியோரின் முயற்சியால் இந்தியாவின் தொடக்ககால மின் மோட்டார்கள் கோவையில் உருவாயின. இன்றும் நீரேற்றும் மோட்டார் என்றவுடன் கோவையின் பெயர் நினைவுக்கு வருவதற்கு அடிப்படை அன்று இடப்பட்டதேயாகும்.

மேட்டூர் மின்சாரம் அன்றைய தென்னார்க்காடு மாவட்டம் வரை நீண்டது. செஞ்சி அக்காலத்தில் அம்மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. 1957ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் சென்னை மாநில மின்சார வாரியம் தோற்றுவிக்கப்பட்டது. ஊர்தோறும் மின்கம்பங்கள் நடப்பட்டன. 1962இல் நெய்வேலி அனல்மின் நிலையம் மின்சாரம் வழங்கத் தொடங்கியது. 1969இல் நாடு முழுமைக்குமாக ஊரக மின்மயமாக்கல் கழகம் நிறுவப்பட்டது. கவலைக்கு மாற்றாகக் கிணற்றங்கரையில் ஒரு சிறு கட்டடம் எழுந்தது. 'மோட்டார் கொட்டகை' என்னும் புதுச்சொல் உழவர் வழக்கில் இடம்பெற்றது. 1990ஆம் ஆண்டு முதல் வேளாண் இணைப்புகளுக்குக் கட்டணமில்லா மின்சாரம் வழங்கப்படுகிறது. இன்று தமிழ்நாட்டில் 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட வேளாண் மின்னிணைப்புகள் உள்ளன.

எருதுகள் ஓய்வு பெற்றன, ஏற்றப்பாட்டு ஓய்ந்தது. நன்மையோடு இரு கவலைகளும் உடன் வந்தன. முதலாவது, நிலத்தடி நீர் கீழிறங்கியது. இரண்டாவது, மின்சாரத்தின் இயல்பை முழுமையாக அறியாத கைகளுக்கு மின்கம்பி எளிதில் கிடைத்தது. இரண்டாவதைப் பற்றியே இங்கு விரிவாகக் காண வேண்டியுள்ளது.

வீட்டிலிருந்து கொட்டகைக்கு

செஞ்சியை அடுத்த சிற்றூர் ஒன்றில் ஓர் உழவர் குடும்பம் வாழ்வதாக வைத்துக்கொள்ளலாம். தெருவை நோக்கி வீடு. அதன் பின்புறம் 60 மீட்டர் தொலைவில் டிராக்டரும் மின் ஸ்கூட்டரும் நிறுத்துவதற்கான தனிக் கொட்டகை. அதனையொட்டி வீட்டுத் தேவைக்கான காய்கறித் தோட்டம். கொட்டகையில் விளக்கும் ஸ்கூட்டருக்கு மின்னேற்றும் வசதியும் வேண்டும். தோட்டத்துத் தொட்டியிலிருந்து நீர் இறைக்க ஒரு குதிரைத்திறன் கொண்ட சிறு மோட்டார் வேண்டும். கடைத்தெருவில் ஒரு சுருள் கம்பி வாங்கி, வீட்டுச் சுவரிலுள்ள மின்செருகியிலிருந்து இழுத்து, வழியிலுள்ள வேப்பமரத்தில் கட்டிக் கொட்டகைக்குக் கொண்டுசென்றால் வேலை முடிந்துவிடும் என்று பலரும் எண்ணுவர். விளக்கு எரியும், மோட்டாரும் சுழலக்கூடும். ஆயினும் வேலை முடிந்துவிடவில்லை.

முதலில் தொலைவைக் கருத வேண்டும். மின்னோட்டம் சென்று திரும்ப வேண்டும் என்பதால் 60 மீட்டர் தொலைவுக்கு 120 மீட்டர் கம்பி கணக்கில் வரும். 1.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்புடைய செப்புக் கம்பியின் மின்தடை இந்நீளத்திற்கு ஏறத்தாழ 1.45 ஓம். அதில் 10 ஆம்பியர் மின்னோட்டம் பாய்ந்தால், ஓம் விதியின்படி 14.5 வோல்ட் வழியிலேயே குறைந்துபோகும். 230 வோல்ட்டில் இது 6 விழுக்காட்டிற்கும் மேல். குறைந்த ஆற்றல் மறைந்துவிடுவதில்லை. 145 வாட் அளவுக்குக் கம்பியைச் சூடேற்றுகிறது. வாய்க்காலின் நீரை வழியிலுள்ள மணல் உறிஞ்சுவதைப் போன்றதே இது.

மோட்டார் தொடங்கும் நொடி இன்னும் கடினமானது. இயங்கும்பொழுது 7 ஆம்பியர் எடுத்துக்கொள்ளும் மோட்டார், தொடங்கும்பொழுது அதனைப்போல் ஐந்து மடங்கு எடுத்துக்கொள்வதுண்டு. 35 ஆம்பியர் பாயும் அந்நொடியில் மெல்லிய கம்பியில் 50 வோல்ட் வரை குறையும். கடைமடையில் நிற்கும் மோட்டாருக்குக் கிடைப்பது 180 வோல்ட் மட்டுமே. அது சுழல இயலாமல் உறுமும். தொடர்ந்து உறுமினால் சுருள் கருகும். மோட்டாரின்மேல் பழி சுமத்தி அதனைப் பழுதுபார்ப்போரிடம் எடுத்துச் செல்வர். குறையோ கம்பியில் இருக்கும். அதே தொலைவுக்கு 4 சதுர மில்லிமீட்டர் கம்பியைப் பயன்படுத்தினால் மின்தடை ஏறத்தாழ 0.55 ஓம் ஆகக் குறைகிறது. 10 ஆம்பியருக்கு இழப்பு 5.5 வோல்ட், மோட்டார் தொடங்கும் நொடியிலும் 210 வோல்ட் சென்று சேர்கிறது. தொலைவு கூடினால் வாய்க்காலை அகலப்படுத்த வேண்டும் என்பதே இதன் சுருக்கம்.

சுமையையும் எண்ண வேண்டும். வீட்டிற்கென ஒப்புதல் பெற்ற அளவைக் காட்டிலும் கூடுதலாக மின்சாரம் தேவைப்பட்டால் மின்வாரியத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வேளாண் கிணற்றுக்குத் தனி இணைப்பு பெறவேண்டுமேயன்றி வீட்டு இணைப்பிலிருந்து கம்பி இழுத்தலாகாது. கட்டணமில்லா வேளாண் மின்சாரத்தை வீட்டிற்கு எடுத்தலும் அவ்வாறே முறையன்று.

திரும்பும் வழி

மின்சாரம் பாய்வதற்குச் செல்லும் வழி, திரும்பும் வழி ஆகிய இரண்டும் வேண்டும். மின்பணியாளர் 'பேஸ்' என்று கூறும் மின்னோட்டக் கம்பி செல்லும் வழி. 'நியூட்ரல்' என்று கூறும் நடுநிலைக் கம்பி திரும்பும் வழி. 'எர்த்து' என்று கூறும் புவித்தொடுப்புக் கம்பி மூன்றாவது. முதலிரண்டும் வேலை செய்வதற்காக; மூன்றாவது உயிர் காப்பதற்காக. நம் நாட்டு வீடுகளில் இவை முறையே சிவப்பு, கறுப்பு, பச்சை நிற உறைகளால் அடையாளம் காணப்படுகின்றன.

வீட்டைக் கடந்து கம்பி இழுப்போர் பெரும்பாலும் விட்டுவிடுவது மூன்றாவது கம்பியையே. விளக்கு எரிவதற்கு அது தேவையில்லை என்பதே காரணம். சிலர் நடுநிலைக் கம்பியைக்கூட விட்டுவிட்டு, மின்னோட்டக் கம்பி ஒன்றை மட்டும் இழுத்து, மண்ணில் அடித்த இரும்புக் கம்பியைத் திரும்பும் வழியாகப் பயன்படுத்துவதுண்டு. வேறு சிலர் மோட்டாரின் உலோக உடலை நடுநிலைக் கம்பியோடு இணைத்துவிட்டு அதுவே 'எர்த்து' என்று மனநிறைவு கொள்வர். இம்மூன்றும் உயிருக்கு உலைவைக்கும் செயல்கள். நடுநிலைக் கம்பி எங்கேனும் அறுந்தால், மோட்டாரின் உடல் முழுதும் மின்னழுத்தம் பெற்று நிற்கும். அதன்மேல் கை வைப்பவரின் உடலே மின்சாரம் திரும்பும் வழியாகிவிடும்.

ஈரமான கைகளோடும் வெறுங்கால்களோடும் நிற்கும் மனித உடலின் மின்தடை ஏறத்தாழ 1000 ஓம் அளவுக்குத் தாழ்ந்துவிடும். 230 வோல்ட்டைத் தொட்டால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர் உடலினூடே பாயும். இதயத்தின் துடிப்பைச் சிதைக்க அதனைவிடக் குறைந்த மின்னோட்டமே போதும். தோட்டத்தில் நிற்பவர் ஈர மண்ணில் வெறுங்காலுடன் நிற்பவர். ஆகவே, கூடத்தில் ஒரு நடுக்கத்தோடு போகும் அதிர்ச்சி, தோட்டத்தில் உயிரைக் கொண்டுபோகிறது.

வீட்டு மின்பலகையில் சுற்றுத் துண்டிப்பான் இருக்கும்பொழுது அச்சம் எதற்கு எனச் சிலர் வினவலாம். விடை எளிது. 16 ஆம்பியர் அளவுடைய துண்டிப்பான் அதற்கு மேற்பட்ட மின்னோட்டம் பாய்ந்தாலன்றித் தன் வேலையைச் செய்யாது. மனிதனைக் கொல்வதற்கு 0.23 ஆம்பியரே மிகுதி. சுற்றுத் துண்டிப்பான் கம்பியைக் காக்கிறது. மனிதனைக் காப்பது அதன் வேலையன்று.

மண்ணும் ஊருக்கு ஊர் வேறுபடும். செஞ்சியைச் சுற்றியுள்ள நிலம் கருங்கற்பாறைகள் மலிந்தது, கோடையில் வறண்டுவிடுவது. அத்தகைய மண்ணில் நடப்பட்ட புவித்தொடுப்பின் மின்தடை 100 ஓம் வரை உயர்ந்திருப்பின், கசியும் மின்னோட்டம் 2.3 ஆம்பியர் அளவே இருக்கும். 16 ஆம்பியர் துண்டிப்பான் அதனை உணராது. புவித்தொடுப்பு இருந்தும் மோட்டாரின் உடலில் மின்சாரம் நிற்கும். இதனாலேயே உவர் மண்ணிலோ களிமண்ணிலோ பின்பற்றும் முறையைப் பாறை நிலத்தில் அப்படியே பின்பற்றுதல் போதாது. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை இரண்டரை மீட்டர் ஆழத்திற்கு இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் இட்டு, கோடையில் நீரூற்றி ஈரம் காத்தல் வேண்டும். அதனோடு மின்கசிவுத் துண்டிப்பானையும் பொருத்துதல் இன்றியமையாதது.

மின்பணியாளர் 'ஆர்.சி.சி.பி.' என்று சுருக்கமாகக் குறிக்கும் இக்கருவி, ஒரு கணக்கரைப் போன்றது. சென்ற மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்று ஒவ்வொரு நொடியும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. இடையில் 30 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கணக்கு உதைத்தால், அது வேறு வழியில், ஒருவேளை ஒரு மனித உடலின் வழியில், மண்ணுக்குச் செல்கிறது என்று கொண்டு இமைப்பொழுதில் மின்சாரத்தைத் துண்டித்துவிடுகிறது. பாறை நிலத்தில் பாயும் 2.3 ஆம்பியர் கசிவு சுற்றுத் துண்டிப்பானின் கண்ணுக்குத் தெரியாது; இக்கணக்கரின் கண்ணிலிருந்து தப்பாது.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்காவின் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்தவர் சார்லஸ் டால்சியல். மின்சாரத்தைப் பிடித்த கை, தானாக விடுவித்துக்கொள்ள இயலும் எல்லை எது என்பதைத் தன்னார்வலர்களைக் கொண்டு அவர் ஆய்ந்தார். ஆடவருக்கு அவ்வெல்லை சராசரியாக 16 மில்லி ஆம்பியர் எனக் கண்டார். அதற்கு மேற்பட்டால் தசைகள் இறுகி, பிடித்ததை விடமுடியாமல் கை பற்றிக்கொள்ளும். 'மின்சாரம் ஆளை இழுத்துக்கொண்டது' என மக்கள் கூறுவது இதனையே. தம் ஆய்வின் பயனாக 1961ஆம் ஆண்டு அவர் மின்கசிவைக் கண்டறிந்து துண்டிக்கும் கருவியை உருவாக்கினார்.

மண்ணுக்கு அடியிலும் மரத்தின் மேலும்

கம்பி செல்லும் வழியும் கருதத்தக்கது. மரத்தில் கட்டிய கம்பி காற்றில் ஆடுந்தோறும் கிளையோடு உராய்ந்து உறை தேயும். மழைக்காலத்தில் ஈர மரமே மின்சாரம் பாயும் வழியாகும். வெயிலில் உறை வெடிக்கும், அணில் கடிக்கும். துணி உலர்த்தும் கொடியாகக் கட்டப்பட்ட இரும்புக் கம்பி அதன்மேல் உரசி நின்றால், ஈரத்துணியோடு அக்கொடியைத் தொடும் கைகளுக்கு நேர்வது சொல்லத்தரமன்று. வீட்டுப் பெண்களே இவ்வாறு மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றனர். மின்கம்பத்திலோ அதனைத் தாங்கும் இழுவைக் கம்பியிலோ கொடி கட்டுதலும் கால்நடைகளைப் பிணைத்தலும் கூடா என மின்வாரியம் மழைக்காலந்தோறும் அறிவுறுத்துவதற்கும் காரணம் இதுவே.

மண்ணுக்கு அடியில் கொண்டுசெல்வதே தோட்டத்திற்கு ஏற்ற முறை. அதற்கென்று உரிய கவச வடத்தைப் பயன்படுத்தி, ஏறத்தாழ 75 செ.மீ. ஆழத்தில் மணற்படுகையின்மேல் இட்டு, மீண்டும் மணல் பரப்பி, அதன்மேல் செங்கல் அடுக்கி மூடவேண்டும். பின்னொரு நாளில் மண்வெட்டி பிடிப்பவருக்கு அச்செங்கல்லே எச்சரிக்கையாகும். வடம் செல்லும் வழியை ஒரு தாளில் வரைந்து மின்பலகையின் உட்புறம் ஒட்டிவைத்தால், அடுத்த தலைமுறைக்கும் பயன்படும்.

கொட்டகையில் தனிமின்பலகை இருத்தல் வேண்டும். எவரேனும் மின்சாரத்தில் சிக்கினால் 60 மீட்டர் ஓடி வீட்டுக்குள் சென்று நிறுத்தும்வரை உயிர் காத்திருக்காது. ஆகவே, கொட்டகையின் வாயிலருகே கை எட்டும் உயரத்தில் முதன்மை நிறுத்துவிசை அமைக்க வேண்டும். வீட்டிலிருந்து வரும் புவித்தொடுப்புக் கம்பியோடு, கொட்டகைக்கு அருகிலும் ஒரு புவித்தொடுப்பு அமைத்து இணைத்தல் நலம். இப்பணிகளை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரைக் கொண்டே செய்வித்தல் வேண்டும்.

வேலியில் பாயும் மின்சாரம்

தோட்டத்திற்குச் செல்லும் மின்சாரம் சிற்சில வேளைகளில் நீர் இறைப்பதற்கு மாறாக வேலியில் பாய்ச்சப்படுகிறது. செஞ்சியைச் சுற்றிய காப்புக்காடுகளை அடுத்த கொல்லைகளில் காட்டுப்பன்றிகள் மல்லாட்டைச் செடிகளைத் தோண்டித் தின்றுவிடும். நான்கு திங்கள் உழைப்பு ஒரே இரவில் அழியும்பொழுது உழவரின் நெஞ்சு கொதிப்பது இயல்பே. ஆயினும் வீட்டு மின்சாரத்தையோ மோட்டார் மின்சாரத்தையோ வேலிக் கம்பியில் நேராகப் பாய்ச்சுவது சட்டப்படி குற்றம். அக்கம்பி பன்றியையும் மனிதரையும் பிரித்தறியாது. வேளாண்மைக்குரிய மும்முனை மின்சாரம் நெடுங்காலம் பகலிலும் இரவிலும் முறைவைத்து வழங்கப்பட்டதால், நள்ளிரவில் கிணற்றங்கரைக்குச் செல்வது உழவரின் வழக்கமாயிற்று. அவ்வாறு நீர் பாய்ச்சச் சென்ற அண்டை நிலத்தாரும், தாம் அமைத்த வேலியைத் தாமே மறந்து மிதித்தவரும் இறந்த செய்திகளை நாளிதழ்கள் தொடர்ந்து தாங்கி வருகின்றன.

2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே முறைகேடாக அமைக்கப்பட்ட மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. அவற்றோடு வந்த இரு குட்டிகள் உயிர் தப்பி, இறந்து கிடந்த யானைகளைச் சுற்றி நின்றன. அக்காட்சி தமிழகத்தின் நெஞ்சை உலுக்கியது. அதே ஆண்டில் மின்வேலிகளைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்துவதற்கான விதிகளைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. முறையாக அமைக்கப்படும் சூரிய ஆற்றல் வேலி, தொடர்ச்சியாக மின்சாரத்தைப் பாய்ச்சுவதில்லை. ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை மிகக் குறுகிய துடிப்பாக மட்டுமே செலுத்துகிறது. தொட்ட விலங்கு அதிர்ந்து விலகுவதற்கு இடைவெளி கிடைக்கிறது. விரட்டுவதற்கும் கொல்வதற்கும் உள்ள வேறுபாடு அவ்விடைவெளியிலேயே அடங்கியுள்ளது.

உடனடிக் கடமை

எத்துணை விழிப்பாக இருப்பினும் விபத்து நேரலாம். மின்சாரத்தில் சிக்கியவரை வெறுங்கையால் தொட்டு இழுப்பது இரண்டாவது உயிரையும் பலிகொடுப்பதாகும். காப்பாற்றச் சென்ற உறவினரும் உடன் மாளும் துயரம் இவ்வாறே நிகழ்கிறது. முதலில் நிறுத்துவிசையை அணைக்க வேண்டும். அது இயலாதவிடத்து, உலர்ந்த தரையில் நின்று உலர்ந்த மரக்கழியால் கம்பியை விலக்கலாம். அறுந்து விழுந்த தெருக்கம்பியாயின் எவரும் நெருங்கலாகாது. மின்வாரியத்திற்குத் தெரிவித்து மின்சாரத்தை நிறுத்தச் செய்ய வேண்டும். 2021இல் தொடங்கப்பட்ட 'மின்னகம்' நுகர்வோர் சேவை மையத்தை 94987 94987 என்னும் எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். மீட்கப்பட்டவருக்கு மூச்சில்லையெனில், பயிற்சி பெற்றோர் இதய இயக்க மீட்புச் சிகிச்சையைத் தொடங்க, மற்றவர் 108 ஊர்தியை அழைக்க வேண்டும்.

இனி வரும் ஆண்டுகளில் கொட்டகைகளின் மின்தேவை பெருகவே செய்யும். டிராக்டர் நிற்கும் இடத்தில் மின் வாகனங்கள் இரவு முழுதும் மின்னேற்றம் பெறும். சூரிய ஒளித் தகடுகள் தோட்டத்து மோட்டாரை இயக்கும். கருவிகள் மாறினாலும் மின்சாரத்தின் இயல்பு மாறாது. அது செல்வதற்கு வழி கேட்கும். திரும்புவதற்கும் வழி கேட்கும். உரிய வழியை மனிதன் அமைத்துத் தராவிடின், மனித உடலையே அது வழியாக்கிக்கொள்ளும்.

மின்கசிவுத் துண்டிப்பானின் முகப்பில் ஒரு சிறு சோதனைப் பொத்தான் உண்டு. அதனை அழுத்தியவுடன் மின்சாரம் நின்றால் கருவி விழிப்போடு இருக்கிறது என்பது பொருள். நில்லாவிடின் அதனை உடனே மாற்றியாக வேண்டும். திங்களுக்கு ஒருமுறை அப்பொத்தானை அழுத்திப் பார்ப்பதற்கு ஒரு நொடி போதும். கொட்டகைக்கும் தோட்டத்திற்கும் நாள்தோறும் சென்றுவரும் பெற்றோரின் உயிரைக் காக்க, பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர் இன்றே செய்யத்தக்க பணி அது.

சொல்லும் பொருளும்

கடைமடை – வாய்க்காலின் இறுதியிலுள்ள மடை
கொல்லை – புன்செய் நிலம்
கவலை – எருதுகளைக் கொண்டு கிணற்றுநீர் இறைக்கும் அமைப்பு
சால் – நீர் இறைக்கும் கொள்கலன்
மும்முனை மின்சாரம் – மூன்று மின்னோட்டக் கம்பிகளில் வழங்கப்படும் மின்சாரம்

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டு மின்பலகையில் மின்கசிவுத் துண்டிப்பான் பொருத்தப்பட்டுள்ளதா எனப் பெரியோர் துணையுடன் கண்டறிந்து வகுப்பில் கூறுக. மின்பலகையைத் திறத்தல் கூடாது.
2. ஏற்றம், கவலை ஆகியவற்றைக் கண்டோ இயக்கியோ அறிந்த உங்கள் ஊர் முதியோரிடம் உரையாடி, நீர் இறைத்தல் தொடர்பான வட்டாரச் சொற்களைத் தொகுக்க.
3. மழைக்கால மின்பாதுகாப்பு குறித்த ஐந்து முழக்கத் தொடர்களை எழுதிப் பள்ளி அறிவிப்புப் பலகையில் இடம்பெறச் செய்க.

நம்மை அளப்போம்

பலவுள் தெரிக

1. பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய ஆண்டு
அ) 1932 ஆ) 1944 இ) 1957 ஈ) 1969

2. கருத்து 1: சுற்றுத் துண்டிப்பான் மிகையான மின்னோட்டத்திலிருந்து கம்பியைக் காக்கிறது.
கருத்து 2: மின்கசிவுத் துண்டிப்பான், சென்ற மின்னோட்டத்தையும் திரும்பிய மின்னோட்டத்தையும் ஒப்பிடுகிறது.
அ) கருத்து 1 மட்டும் சரி ஆ) கருத்து 2 மட்டும் சரி இ) இரண்டும் சரி ஈ) இரண்டும் தவறு

3. பொருத்துக.
அ) மின்னோட்டக் கம்பி – 1) பச்சை
ஆ) நடுநிலைக் கம்பி – 2) சிவப்பு
இ) புவித்தொடுப்புக் கம்பி – 3) கறுப்பு
i) அ-2, ஆ-3, இ-1 ii) அ-1, ஆ-2, இ-3 iii) அ-3, ஆ-1, இ-2 iv) அ-2, ஆ-1, இ-3

குறுவினா

1. செஞ்சி வட்டாரத்தில் 'கழனி', 'கொல்லை' ஆகிய சொற்கள் எவற்றைக் குறிக்கின்றன?
2. தொலைவு கூடும்பொழுது தடித்த கம்பியைப் பயன்படுத்த வேண்டியது ஏன்?
3. 'மின்சாரம் ஆளை இழுத்துக்கொண்டது' என்னும் மக்கள் வழக்கின் அறிவியல் உண்மை யாது?

சிறுவினா

1. புவித்தொடுப்பு இருந்தும் பாறை நிலத்தில் மின்கசிவுத் துண்டிப்பான் தேவைப்படுவதன் காரணத்தைக் கணக்கிட்டு விளக்குக.
2. முறையான சூரிய ஆற்றல் வேலிக்கும் முறைகேடான மின்வேலிக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக.

நெடுவினா

1. 'செல்லும் வழியைப் போன்றே திரும்பும் வழியும் காக்கப்பட வேண்டும்' – கொட்டகைக்கும் தோட்டத்திற்கும் மின்சாரம் கொண்டுசெல்லும் முறைகளை இக்கூற்றின் அடிப்படையில் விளக்குக.
2. பயிரை அழிக்கும் விலங்குகளிடமிருந்து விளைச்சலைக் காக்க உழவர் மேற்கொள்ளத்தக்க, உயிர்க்கேடு விளைவிக்காத வழிமுறைகளை உங்கள் கருத்துகளுடன் தொகுத்தெழுதுக.